மீன் முட்டையில் பஞ்சு படர்கிறதா?

ஆசிரியருக்கு வணக்கம். எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இப்போது கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கிறார்கள், ஏஞ்சல் மீன் முட்டை போட்ட இரண்டே நாளில் வெள்ளைப் பஞ்சு படர்ந்து எல்லாம் வீணாகிவிட்டது என்று என்னிடம் வந்து நிற்கிறார்கள். அது பெரும்பாலும் சாப்ரோலெக்னியா என்ற நீர்வாழ் நுண்ணுயிர்; உண்மையான பூஞ்சை இல்லை என்றாலும் பூஞ்சை என்றே சொல்கிறோம். கருவுறாத, செத்த முட்டையில்தான் முதலில் பிடிக்கும், அப்புறம் பக்கத்து நல்ல முட்டைக்கும் பரவும். வெளுத்துப்போன முட்டையை அன்றன்றே சொட்டுக்குழாயால் எடுத்துவிடுங்கள், அருகில் காற்றுக்குமிழி விடும் காற்றுக்கல் மெதுவாக ஓடட்டும். மெத்திலீன் புளூ நல்ல மருந்துதான், ஆனால் முட்டையைத் தனித் தொட்டிக்கு மாற்றிய பிறகே ஊற்ற வேண்டும். நான் அவசரத்தில் பெரிய தொட்டியிலேயே ஊற்றினேன். ஃபில்டரில் இருந்த நல்ல பாக்டீரியா செத்து, செடியும் கெட்டு, கண்ணாடியை ஒட்டிய சிலிகோன் பசை ஓரமெல்லாம் இன்னும் நீலமாகவே இருக்கிறது!

வளர்ந்த மீனுக்கு வந்தால் தண்ணீரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். காயம் பட்டு வழுவழுப்பு போன இடத்தில்தான் பூஞ்சை ஏறும். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள், பைப் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கியபின். சாலையோரம் கொட்டிக்கிடக்கும் காய்ந்த கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலை ஒன்றைக் கழுவிப் போடலாம், காசே இல்லை. மருந்தடித்த தோட்டத்து ஓரத்தில் மட்டும் பொறுக்காதீர்கள்.

மீன் வளர்க்கும் வாசகர்,
சுங்கை சிப்புட்