அடைகாக்கும் பறவையை விட்டுவிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் கண்மாய்ப் பறவைகளைக் கிட்டத்தில் படம் எடுப்பது பற்றி ஒரு பக்கக் கட்டுரை வந்திருந்தது. படங்கள் நன்றாக இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் நடுவில் ஒரு வரி: "முட்டையிட்ட பறவை எளிதில் பறந்து போகாது, நெருங்கி எடுக்க அதுவே நல்ல சமயம்." அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அச்சுக்குப் போகும் முன் அந்த வரியை ஒருவர்கூட நிறுத்திப் பார்க்கவில்லையா?

ஆள்காட்டிக் குருவி எப்படி முட்டையிடும் என்பது தங்களுக்குத் தெரியும். தண்ணீர் வற்றிய கண்மாய் உள்வாயில் வெறும் தரையைக் கொஞ்சம் பறித்து, கூழாங்கல் போல நாலு முட்டை. சித்திரை, வைகாசி வெயிலில் அது முட்டைமேல் உட்காருவது சூடு கொடுக்க அல்ல, நிழல் கொடுக்க. மிஞ்சியிருக்கும் தண்ணீரில் இறங்கி வயிற்று இறகை நனைத்துக்கொண்டு திரும்பி வந்து, முட்டையை ஈரப்படுத்தி உட்காரும். கரைமேல் நின்று பைனாகுலரில் இதைப் பார்த்தவன் நான். கேமராவோடு ஒருவர் பக்கத்தில் போனால் அது எழுந்துவிடும். தூரமாகப் போகாது, தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றும், அவ்வளவுதான். அவருக்கு நல்ல படம் கிடைக்கும் வரை முட்டை வெயிலில் கிடக்கும். அவர் கிளம்பியதும் காக்கா இறங்கும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பறவையின் கூட்டையும் முட்டையையும் தொந்தரவு செய்வதை 'வேட்டை' என்றுதான் சொல்கிறது. தாங்கள் அறியாத சட்டம் அல்ல.

கிட்டத்தில் எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நானும் கேமரா வைத்திருப்பவன்தான். மார்கழி, தை மாதங்களில் விடிவதற்கு முன்பே போய், சூரியன் முதுகுப் பக்கம் வரும்படி சேற்றோரம் குப்புறப் படுத்து, மணல் பையில் லென்ஸை வைத்துக்கொண்டு அசையாமல் கிடக்க வேண்டும். பறவை இரை தேடுவதை நிறுத்தி, தலையை வெடுக் வெடுக்கென்று ஆட்டினால் நம்மைப் பார்த்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் ஓர் அடி நகரக் கூடாது. பொறுத்திருந்தால் அதுவே வரும். சைபீரியா, வட ஐரோப்பா பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு வரும் பொரி உள்ளான், சேற்றைக் குத்திக் குத்தி நடந்து, என் லென்ஸ் ஃபோகஸ் ஆக முடியாத அளவுக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது. அலகு நுனியில் ஒட்டியிருந்த களிமண்கூடத் தெரிந்தது. படம் கிடைக்கவில்லை, ஆனாலும் அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன்.

எழுத உட்கார்ந்துவிட்டதால் மற்றதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷம் முன்பு எங்கள் கண்மாயின் பெயர், போகும் வழி எல்லாம் போட்டு எழுதினீர்கள். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் கார்கள் உள்வாய்க்குள்ளேயே இறங்கின. கூட்டமாகப் பறக்கும் படம் வேண்டும் என்று கல் விட்டெறிந்தார்கள், ட்ரோன் விட்டார்கள். அப்போது நான் எழுதிய கடிதம் இதழில் வரவில்லை. கொக்கு இனமே இல்லாத பவளக்காலிகளின் படத்துக்குக் கீழே 'கொக்குக் கூட்டம்' என்று போட்டிருந்தீர்கள். அதற்கு எழுதியதும் வரவில்லை. போன வருஷம் தங்கள் புகைப்படப் போட்டியில் முதல் பரிசு, கூட்டில் வாய் பிளந்து நிற்கும் குருட்டுக்கொக்குக் குஞ்சுகளுக்கு. படத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள் ஐயா. இடது ஓரத்தில் ஒடித்த கருவேலங்கிளையின் வெள்ளை நுனி தெரிகிறது. கூட்டை மறைத்த கிளையை ஒடித்துவிட்டு எடுத்த படம் அது. நிழலும் போச்சு, மறைவும் போச்சு. நடுவர்கள் கண்ணுக்கு அது படவில்லை.

மேலூரைத் தாண்டிப் போனால் வேட்டங்குடி சரணாலயம். பறவைகள் மிரளக் கூடாது என்று அங்கே கொள்ளுகுடிப்பட்டி மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. தீபாவளி வந்தால் அவர்களைப் பாராட்டித் தாங்களே எழுதுகிறீர்கள். அந்த ஊர்க் குழந்தைகள் ஒரு மத்தாப்பு ஆசையைக்கூட அடக்கிக்கொள்கிறார்கள். அதே பத்திரிகை, கேமரா வைத்திருக்கும் பெரியவர்களைக் கூட்டுக்குப் பக்கத்தில் போகச் சொல்வதை எப்படித் தாங்கிக்கொள்வது?

நான் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவன். என்னிடம் படித்த பையன்கள் சிலர் இப்போது கேமரா வாங்கியிருக்கிறார்கள். நான் சொல்வதைவிட தங்கள் இதழில் அச்சாகி வந்தது அவர்களுக்குப் பெரிது. "பேப்பர்லயே போட்டிருக்காங்க சார்" என்று ஒருவன் அந்தப் பக்கத்தைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினான். அதனால்தான் மறுபடியும் எழுதுகிறேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வரும் ஞாயிறு, அதே பக்கத்தில், 'அடைகாக்கும் பறவையை நெருங்க வேண்டாம்' என்று கண்ணில் படும் எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். இந்த வருஷப் போட்டி விதிகளில் கூடு, முட்டை, கூட்டிலிருக்கும் குஞ்சுப் படங்கள் ஏற்கப்படாது என்று ஒரு வரி சேருங்கள். கண்மாயின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. தாங்களும் இனி எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
திருமங்கலம் வட்டம், மதுரை மாவட்டம்.