நீக்கும்போது மட்டும் பேசிக்கொள்ளும் பட்டியல்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வளரும் நாடுகளில் சமூகப் பாதுகாப்புத் திட்டங்களை ஒருங்கிணைப்பது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். திட்டங்கள் சிதறிக் கிடக்கின்றன, ஒரு துறையிடம் இருக்கும் தகவல் இன்னொரு துறைக்குப் போவதில்லை என்பது கட்டுரையாளரின் வருத்தம். வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது அக்கம்பக்கத்தாருக்கு மனு எழுதிக் கொடுத்துப் பொழுது போகிறது. அந்த அனுபவத்தில் ஒரு சின்னத் திருத்தம் சொல்லலாமா? தமிழ்நாட்டில் தகவல்கள் துறை விட்டுத் துறை நன்றாகவே போகின்றன, ஒருவரை நீக்க வேண்டும் என்றால்.

மகளிர் உரிமைத் தொகையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023-ல் ஒன்றரைக் கோடிக்கும் மேல் விண்ணப்பங்கள் வந்தன. ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவழிக்கும் வீடா, கார் இருக்கிறதா, வருமான வரி கட்டுகிறார்களா, ஐந்து ஏக்கருக்கு மேல் நன்செய் இருக்கிறதா என்று பல துறைகளின் ஏடுகளோடு ஒத்துப் பார்த்து, சில வாரங்களுக்குள் ஒரு கோடியே ஆறு லட்சம் பேரைத் தேர்வு செய்தார்கள். செப்டம்பர் 15 அன்று திட்டம் தொடங்கியது. நாங்கள் வேலை பார்த்த காலத்தில் நினைத்தும் பார்க்க முடியாத காரியம் இது. பாராட்ட வேண்டியதும்கூட.

சரி, இதே கெட்டிக்காரத்தனம் மறுபக்கம் வேலை செய்கிறதா?

எங்கள் தெருவில் கட்டட வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் அறுபது வயதாகும் முன்பே இறந்துபோனார். இறப்பு மாநகராட்சி ஏட்டில் பதிவாகிவிட்டது. அதாவது அவர் மனைவி கணவரை இழந்துவிட்டார் என்பது அரசுக்குத் தெரியும். ஆனால் அந்த ஒரு செய்தியை அந்தப் பெண் எத்தனை அலுவலகத்துக்கு நடந்துபோய்ச் சொல்ல வேண்டும் பாருங்கள். விதவை ஓய்வூதியத்துக்குத் தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். வாரிசுச் சான்றுக்கு அதே வளாகத்தில் வேறொரு மேசை. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தின் இறப்பு உதவிக்குத் தொழிலாளர் துறை. அங்கே ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க மறந்திருந்தால் அது தனிச் சிக்கல். ஏழைக் குடும்பத்தில் சம்பாதிப்பவர் இறந்தால் தேசியக் குடும்ப நலத் திட்டத்தில் 20,000 ரூபாய் உண்டு. அதைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. எல்லா இடத்திலும் அதே ஆதார் நகல், அதே ரேஷன் கார்டு நகல், அதே இறப்புச் சான்று. இறந்தவர் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் அட்டையும் வைத்திருந்தார். 2021-ல் ஒன்றிய அரசு தொடங்கிய அந்தப் பதிவில் நாடு முழுக்க 30 கோடிப் பேருக்கு மேல் சேர்ந்திருக்கிறார்கள். அதில் பெயர் இருப்பதால் நல வாரியத்தில் தானாக எதுவும் நடந்துவிடாது.

இன்னொரு வேடிக்கை. அந்தப் பெண் அதுவரை மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை வாங்கிக்கொண்டிருந்தார். விதவை ஓய்வூதியம் 1,200 ரூபாய். ஓய்வூதியம் வாங்குபவருக்கு உரிமைத் தொகை கிடையாது என்பது விதி. ஆக, கணவரை இழந்ததற்கு அரசின் நிகர ஆறுதல் மாதம் 200 ரூபாய். யாரும் வேண்டுமென்றே இப்படிக் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள். ஓய்வூதியம் ஒரு துறை, உரிமைத் தொகை இன்னொரு துறை. இரண்டு கோப்புகளையும் சேர்த்து வைத்துப் பார்ப்பது யார் வேலை என்று எந்த அரசாணையும் சொல்லவில்லை போலிருக்கிறது.

யார் ஏழை என்பதிலும் ஒத்த கருத்து இல்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். உரிமைத் தொகைக்கு இரண்டரை லட்சம். ஓய்வூதியத்துக்கு ஆதரவற்றவர் என்று வருவாய் ஆய்வாளர் எழுதித் தர வேண்டும். வளர்ந்த மகன் இருக்கிறான் என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கப்பட்ட மனுக்களை நானே கோப்பில் கட்டி வைத்திருக்கிறேன். மகன் சோறு போடுகிறானா என்பதற்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.

கூவம் கரைக் குடிசைகளிலிருந்து பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போனவர்கள் கதை இதைவிட மோசம். அவர்களாகக் குடிபெயரவில்லை, அரசே லாரியில் ஏற்றிக்கொண்டு போனது. எந்தக் குடும்பம், எந்த பிளாக், எத்தனையாவது மாடி என்ற பட்டியல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்திடம் இருக்கிறது. ஆனால் சென்னை மாவட்டத்தில் வாங்கிய முதியோர் பென்ஷனை செங்கல்பட்டு மாவட்டத்துக்கு மாற்ற அந்தப் பாட்டியேதான் மனுவோடு அலைய வேண்டும்.

இத்தனைக்கும் இந்த ஊருக்கு இது புதிய பாடம் இல்லை. 1920-லேயே ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் நீதிக்கட்சியினர் மதிய உணவு போட்டார்கள். இன்றைய காலை உணவு வரை அந்த வழி ஓடுகிறது. பந்தியில் உட்கார்ந்த பிள்ளையிடம் யாரும் வருமானச் சான்று கேட்பதில்லை. ரேஷனும் இங்கே ஏறக்குறைய அப்படித்தான். எல்லோருக்கும் என்று வைத்த திட்டங்களில் பட்டியல் சண்டையே குறைவு. நிதி அதிகம் தேவைப்படும்தான். ஆனால் ஆளைச் சலித்துப் பிரிப்பதற்கு ஆகும் செலவையும் யாராவது கணக்கில் எடுக்க வேண்டும்.

கட்டுரையாளர் பிரேசிலை உதாரணம் காட்டியிருந்தார். அங்கே 2001-ல் ஏழைக் குடும்பங்களுக்குப் பொதுப் பதிவேடு உண்டாக்கி, 2003-ல் நான்கு உதவித் திட்டங்களை ஒன்றாக்கினார்கள். ஒரு விஷயத்தை அவர் விட்டுவிட்டார். அந்தப் பதிவேட்டை நடத்துவது உள்ளூர் நகராட்சிகள். குடும்ப விவரத்தை இரண்டாண்டுக்கு ஒருமுறையாவது புதுப்பிக்கிறார்கள். எதிரில் ஒரு மனிதர் உட்கார்ந்து கேட்டு எழுதுகிறார். வெறும் கணினியை நம்பினால் என்ன ஆகும் என்பதை ஹரியானாவில் பார்த்தோம்: குடும்ப அடையாள எண் ஏட்டில் இறந்தவர்களாகப் பதிவாகி, உயிரோடு இருந்த முதியவர்களின் ஓய்வூதியம் நின்றது. அதனால் புதிய எண், புதிய அட்டை, புதிய செயலி என்று யாராவது கிளம்பினால் எனக்குப் பயம்தான்.

நான் கேட்பது சின்ன விஷயம். மாநகராட்சியின் ஏதாவது ஒரு மண்டலத்தில் முதலில் செய்து பார்க்கட்டும். இறப்புப் பதிவானதும் அந்தத் தகவல் தாலுகா அலுவலகத்துக்கும் நல வாரியத்துக்கும் தானாகப் போகட்டும். வார்டு அலுவலகத்திலிருந்து ஒருவர் அந்த வீட்டுக்குப் போய், என்னென்ன உதவி உண்டு என்று சொல்லி, ஒரே மனுவில் கையெழுத்து வாங்கி வரட்டும். பென்ஷன் ஆணை கைக்கு வந்து பணம் வரவு வைக்கப்படும்வரை உரிமைத் தொகையை நிறுத்தக் கூடாது. யாருடைய பெயரை நீக்குவதானாலும் முதலில் நேரில் பார்த்து, எழுத்தில் காரணம் சொல்லி, முப்பது நாள் அவகாசம் தர வேண்டும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம். மூன்று துறைச் செயலாளர்கள் ஒரு சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வருவாய்த் துறை ஊழியர்,
வியாசர்பாடி, சென்னை – 39