சொல்ல வந்த விஷயம் எந்த வரியில் இருக்கிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளியில் கடிதம் எழுதச் சொல்லித்தந்தபோது அனுப்புநர், பெறுநர், பொருள் என்ற வரிசையை மனப்பாடம் செய்தோம். ஆனால் எதற்காக எழுதுகிறோமோ அதற்கேற்ப உள்ளே இருக்கும் வரிசையும் மாற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அதனால்தான் விடுப்பு கேட்டாலும் விலை கேட்டாலும் மன்னிப்பு கேட்டாலும் ஒரே மாதிரி எழுதுகிறோம், முதலில் முன்கதை, கடைசியில் விஷயம்.

நான் கொள்முதல் பிரிவில் வேலை பார்க்கிறேன். சரக்கு பத்து நாள் தாமதமாகும் என்று ஒருமுறை மின்னஞ்சல் வந்தது, ஆனால் அந்தச் செய்தி நான்காவது பத்தியில் இருந்தது, பொருள் வரியில் வெறும் ‘வணக்கம்’. போனில் பாதி படித்துவிட்டு மூடிய நான், எங்கள் வாடிக்கையாளரிடம் பழைய தேதியையே உறுதியாகச் சொல்லிவிட்டேன்.

இதன் பயங்கரமான உதாரணம் 2003-இல் நடந்தது. கொலம்பியா விண்வெளி ஓடம் கிளம்பும்போது உடைந்து விழுந்த நுரைத் துண்டு அதன் இறக்கையில் மோதியது. அதைப் பற்றி நாசா அதிகாரிகளுக்குக் காட்டிய பவர்பாயிண்ட் பக்கத்தின் தலைப்பு கவலைப்பட ஒன்றுமில்லை என்கிற தொனியில் இருந்தது. நுரை மோதினால் என்ன சேதமாகும் என்று பார்க்க முன்பு செய்த சோதனையில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம், மோதியதோ ஏறத்தாழ 1920 கன அங்குலம் என்ற விவரம் அடியில் சின்ன எழுத்தில் கிடந்தது. ஓடம் திரும்பி வரும்போது சிதறி ஏழு பேர் இறந்தார்கள். இது உயிருக்கு ஆபத்தான விஷயம் என்பதே அந்தப் பக்கத்தைப் படிக்கும் மேலதிகாரிக்குப் புரியாமல் போயிருக்கலாம் என்று விசாரணைக் குழு எழுதியது.

ஆகவே எச்சரிக்கை என்றால் முதல் வரியிலேயே வர வேண்டும், அதில் தயக்கமே கூடாது. சாதாரணத் தகவலும் நல்ல செய்தியும் அப்படித்தான். மறுப்பு மட்டும் வேறு, வேலைக்கு விண்ணப்பித்தவரிடம் எடுத்த எடுப்பில் ‘இல்லை’ என்றால் அதற்குப் பிறகு அவர் எதையும் படிக்கமாட்டார், அதனால் காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு மறுப்பைத் தெளிவாகச் சொல்லலாம். ‘பிறகு பார்க்கலாம்’ என்று பொய்யான நம்பிக்கை கொடுப்பது கொடுமை, நானும் அப்படி மாதக்கணக்கில் காத்திருந்தவன். பொருளை விற்க எழுதுகிறவர் நிறுவனத்தின் பெருமையை விட்டுவிட்டு வாங்குகிறவரின் சிக்கலிலிருந்து தொடங்கட்டும். புகார் எழுதுகிறவர்கள் கோபத்தை இரண்டு பக்கம் கொட்டுகிறார்கள், சரி, அது நியாயம்தான், ஆனால் பில் எண், வாங்கிய தேதி, பணம் திரும்ப வேண்டுமா அல்லது மாற்றுப் பொருள் வேண்டுமா என்பதை எழுத மறந்துவிடுகிறார்கள். கேட்காததை எதிரில் இருப்பவர் எப்படிக் கொடுப்பார்?

உங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் வாரம் ஒரு மோசமான அலுவலகக் கடிதத்தையும், அதையே திருத்தி எழுதிய வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வெளியிடுங்கள். பெயர்களை நீக்கிவிட்டு, என்னிடம் இருப்பவற்றை நானே அனுப்பித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்