முதல் காரில் ஏர்பேக் இருக்கிறதா?

ஐயா, கல்லூரி சேரும் பிள்ளைகளுக்குப் பழைய கார் வாங்கித் தருவது மதுரையில் கூடிவருவதாக நீங்கள் வெளியிட்ட செய்தியைப் படித்தேன். பழைய வண்டியில் இடித்துப் பழகட்டும், அப்புறம் நல்லதாக வாங்கலாம் என்றுதான் பல பெற்றோர் நினைக்கிறார்கள், ஆனால் 18 வயதில் உரிமம் வாங்கிய கையோடு ஓட்டும் அந்த முதல் வண்டியில்தான் பாதுகாப்பு அதிகம் வேண்டும். திடீரென மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக்கும் ஓட்டுநர் பக்க ஏர்பேக்கும் 2019-இல்தான் புதிய கார்களில் கட்டாயமாயின. பக்கத்து இருக்கைக்கு 2022 வரை ஆனது. அதற்கு முந்தைய மலிவான மாடல்கள் பலவற்றில் இவை கிடையாது.

என் அக்கா மகனுக்காகக் கார் பார்க்கப் போன இடத்தில் மைலேஜ், மியூசிக் சிஸ்டம், புது சீட் கவர் என்று விவரமாகச் சொன்னவர்களுக்கு, ஏர்பேக் எத்தனை என்று கேட்டதும் பதில் தெரியவில்லை. திருமங்கலம், மேலூர் நான்குவழிச் சாலைகளில் லாரிகளுக்கு நடுவே போகப்போகும் பிள்ளைக்கு சீட் கவரா முக்கியம்? விற்பனைக்கு நிற்கும் ஒவ்வொரு பழைய காரிலும் தயாரித்த ஆண்டு, ஏர்பேக் எண்ணிக்கை, மோதல் சோதனை நடந்திருந்தால் அதில் அந்த மாடல் பெற்ற நட்சத்திரங்கள் ஆகியவற்றை எழுதி ஒட்டுவதைப் போக்குவரத்துத் துறை கட்டாயமாக்க வேண்டும்.

- ஒரு வாசகர், திருநகர், மதுரை