பாப்பாவுக்கு, எக்ஸ்ரே படிப்பில் சேரும் முன்

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய நோட்டீஸைப் பார்த்தேன். ஆறு மாதச் சான்றிதழ், படித்ததும் வேலை, வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டினால் சலுகை. மேலே பளபளவென்று ஒரு எம்.ஆர்.ஐ. மெஷின் படம். அந்த மெஷின் அவர்களிடம் இருக்கிறதா என்று கேட்டாயா? உனக்கு எழுதுவதைப் பொதுவிலேயே போடுகிறேன். பிளஸ் டூ முடித்துவிட்டு இதே நோட்டீஸைக் கையில் வைத்திருக்கும் பிள்ளைகள் நம் பக்கத்தில் நிறைய பேர்.

என் கதையை உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. நான் படித்த இடத்தின் பெயர் வேண்டாம். வகுப்புக்கே ஒரு பழைய மெஷின். பாதி நாள் அது ஓடாது. நோயாளியை எப்படிப் படுக்க வைப்பது, நிறுத்துவது என்ற பொசிஷன்களைப் பலகையில் எழுதிப் போடுவார்கள், நாங்கள் மனப்பாடம் செய்வோம். டிப்ளமோ கையில் வந்து, முதல் வேலையில் சேர்ந்த இரண்டாவது வாரம், குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு பாட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பீடி சுற்றிச் சுற்றி விரல் நுனி பழுத்துப்போன கை. வாசற்படியில் விழுந்து இடுப்பு ஒடிந்திருந்தது. அப்படிப்பட்டவரைப் புரட்டக் கூடாது. மல்லாந்தபடியே விட்டு, நல்ல காலை மட்டும் தூக்கி மடித்துப் பிடித்து, கதிரைக் கிடைமட்டமாக விட்டுப் பக்கவாட்டுப் படம் எடுக்க வேண்டும். தேர்வில் இதை எழுதி மார்க் வாங்கியவள்தான் நான். ஆனாலும் அன்றைக்கு அவரைப் புரட்டினேன். அவர் போட்ட சத்தத்துக்கு வராந்தாவே திரும்பிப் பார்த்தது. நான்கு ஃபிலிம் வீண். டார்க் ரூம் சிவப்பு விளக்கில் நாலாவதை டெவலப்பரிலிருந்து தூக்கிப் பார்த்தபோது கை நடுங்கியது. அந்த நான்கு முறையும் அந்த அம்மா உடம்பில்தானே கதிர் பாய்ந்தது.

அதனால்தான் கேட்கிறேன். நீ சேரப்போகும் இடத்தில், நீ பட்டனை அழுத்தும் நேரத்தில் பக்கத்தில் நிற்கப் போவது யார்? கட்டடம், ஏ.சி. வகுப்பு, பஸ் வசதி எல்லாவற்றையும் அப்புறம் பார்க்கலாம். சொந்த மருத்துவமனை இருக்கிறதா, மருத்துவமனையில் நேரடிப் பயிற்சிக்கான போஸ்டிங் எங்கே, ஒரு மெஷினுக்கு எத்தனை மாணவர்கள், ராத்திரி கேஸுவால்டியில் விடுவார்களா? இதற்கெல்லாம் நேராகப் பதில் வரவில்லையென்றால் எழுந்து வந்துவிடு.

வேலூரில் பிறந்த நமக்கு இதில் கொடுப்பினை உண்டு. பாகாயம், தோட்டப்பாளையம் என்று சொல்லும்போதே சி.எம்.சி., கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, நினைவுக்கு வருகிறது. 1900-இல் டாக்டர் ஐடா ஸ்கடர் தொடங்கியது. அங்கே சேர அவர்களே தனியாக நுழைவுத்தேர்வு வைக்கிறார்கள். அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்குப் பிளஸ் டூ மார்க்கை வைத்துக் கலந்தாய்வு நடக்கும். விண்ணப்ப அறிவிப்பைத் தவறவிடாதே. எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. என்றால் மூன்று வருஷப் படிப்பு, மேலே ஒரு வருஷம் உள்ளிருப்புப் பயிற்சி. அந்த நாலாவது வருஷத்தை வீண் என்று யார் சொன்னாலும் நம்பாதே. உன் கை பழகப்போவது அங்கேதான். 2021-இல் வந்த சட்டத்தால் நம் தொழிலும் பதிவு முறைக்குள் வருகிறது. அங்கீகாரம் இல்லாத சான்றிதழை வைத்துக்கொண்டு நாளைக்கு எந்த வாசலில் நிற்பாய்?

நோட்டீஸில் 'ஸ்கேன் பயிற்சி' என்று போட்டிருக்கிறார்கள். எந்த ஸ்கேன் என்று கேள். சி.டி., எம்.ஆர்.ஐ. நம் வேலைதான். கர்ப்பிணிக்கு அல்ட்ராசவுண்டு பார்ப்பது, 1994-ஆம் வருஷச் சட்டப்படி, தகுதி பெற்ற டாக்டரின் வேலை. அதைச் சொல்லி ஆசை காட்டினால் அது பொய்.

இப்போது எல்லாம் டிஜிட்டல், பிழையே வராது என்பார்கள். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஃபிலிமில் கதிர் கூடிப்போனால் படம் கறுத்துக் காட்டிக்கொடுக்கும். டிஜிட்டலில் கம்ப்யூட்டரே படத்தைச் சரிசெய்து அழகாகக் காட்டிவிடும். தேவைக்கு மேல் கதிர் விட்டிருக்கிறோம் என்பது, திரையில் ஓரமாக வரும் எண்ணைப் பார்த்தால்தான் தெரியும். அந்த எண்ணைப் பார் என்று தோளைத் தட்டிச் சொல்ல ஒரு ஆள் வேண்டும், கண்ணு.

ஆளின் அருமை மார்பு எக்ஸ்ரேயிலேயே தெரியும். ஆறடி தூரம், மோவாய் படம் பதியும் தட்டுக்கு மேலே, கை இடுப்பில், தோளை முன்னால் தள்ள வேண்டும்; அப்போதுதான் தோள்பட்டை எலும்பு நுரையீரலை மறைக்காது. நம் ஊருக்கு ஜார்க்கண்டிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வருகிறவர்களிடம் "மூச்சை இழுத்துப் புடிங்க" என்றால் அப்படியே விழிப்பார்கள். "ஸான்ஸ் லோ... ரோகோ..." என்று இந்தியில் சொல்லிக்கொண்டே நானும் மூச்சை இழுத்துக் காட்டுவேன். அவர்களும் இழுப்பார்கள். அந்த நொடியில் அழுத்த வேண்டும். இதைக் கூட நின்றுதான் கற்க முடியும்.

அண்ணனுடைய, அதாவது உன் அப்பாவுடைய பயமும் எனக்குப் புரிகிறது. கல்யாணம் ஆகவேண்டிய பொண்ணு, கதிர் பட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் நமக்கு வரம்பு வைத்திருக்கிறது: ஐந்து வருஷச் சராசரி, வருஷத்துக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிரை அளக்கும் அலகு), எந்த ஒரு வருஷத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. மார்பில், ஈயக் கவசமான லெட் ஏப்ரனுக்கு உள்ளே, நம் மேல் படும் கதிரைப் பதிவுசெய்யும் டி.எல்.டி. பேட்ஜைக் குத்திக்கொள்வோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை அனுப்பி அளந்து சொல்வார்கள். என் அறிக்கைகள் எல்லாம் பீரோவில் இருக்கின்றன, அண்ணன் வந்து பார்க்கட்டும். தடுப்புக்குப் பின்னால் நின்று முறையாக வேலை செய்தால் வரம்புக்குக் கிட்டக்கூடப் போக மாட்டோம்.

அதே பேட்ஜை வைத்துக் கல்லூரியையும் எடை போடலாம். போஸ்டிங்கில் இருக்கும் மாணவர்கள் சட்டையில் அது இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் அந்தப் பிள்ளைகள் வாங்கும் கதிருக்குக் கணக்கே இல்லை.

செவ்வாய்க்கிழமை எனக்கு ஓய்வு. அதுவரை பணம் கட்ட வேண்டாம் என்று அண்ணனிடம் சொல். காலை பத்து மணிக்கு, கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்து, இரண்டு பேரும் அந்தக் கல்லூரிக்குப் போவோம். ஆபீஸுக்கு வேண்டாம். எக்ஸ்ரே அறை வராந்தாவில் உட்கார்ந்து, வெளியே வரும், அங்கே படிக்கிற பிள்ளையிடம், இந்த வாரம் நீயாக எத்தனை படம் எடுத்தாய் என்று நீயே கேள்.

அன்புடன்,
அத்தை