கவர்த்தடியும் ஒரு கை தண்ணீரும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கிணற்றுக்கு நீரோட்டம் பார்க்கும் கவர்த்தடி, அதாவது இரண்டாகக் கிளைத்த குச்சி, பற்றிச் சென்ற ஞாயிறு இதழில் இரண்டு வாசகர்கள் மோதியிருந்தார்கள். ஒருவருக்கு அது அம்மன் தந்த வரம், மற்றவருக்குச் சாத்தானின் வேலை. இரண்டாமவர் தனித்து நிற்கவில்லை. கிறித்தவச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதரே 1518 இல், உலோகம் தேடத் தடி பிடிப்பதைத் தேவ கட்டளையை மீறும் செயல் என்று கண்டித்திருக்கிறார். ஆனால் 1556 இல் சுரங்கத் தொழில் பற்றி எழுதிய அக்ரிகோலா, நிலத்தின் அடையாளங்களை வாசிக்கத் தெரிந்தவனுக்குத் தடி எதற்கு என்று கேட்டார். நான் அவர் பக்கம்.

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் எங்கள் வளவுக்குக் கிணறு வெட்ட ஒரு பெரியவரை அப்பா அழைத்து வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, கொய்யாக் கவர் ஒன்றை முறித்து, உள்ளங்கை மேலே பார்க்கப் பிடித்தபடி நடந்தார். வடகிழக்கு மூலையில் தடி முறுகிக் கீழே வளைந்தது. பட்டை உரிந்து அவர் கை சிவந்திருந்ததை நான் கிட்ட நின்று பார்த்தேன். அது நடிப்பில்லை. பிறகு சால்வையால் கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கச் சொன்னேன், சிரித்துக்கொண்டே நடந்தார். தடி நாலு பாகம் தள்ளி வளைந்தது. அப்பா என்னை முறைத்தார்.

மனம் எதிர்பார்ப்பதைத் தசைகள் நமக்குத் தெரியாமலே செய்துவிடுகின்றன என்று 1852 இல் ஆங்கிலேய உடலியலாளர் வில்லியம் கார்பென்டர் விளக்கினார். இழுத்து விரித்துப் பிடித்த கவருக்கு மணிக்கட்டின் ஒரு சிறு திருப்பம் போதும். பிடித்திருப்பவரே திடுக்கிட்டுப் போவார். இதில் அம்மனும் இல்லை, சாத்தானும் இல்லை, பொய்யும் இல்லை.

பதினெட்டு அடியில் தண்ணீர் வந்தது. எந்தத் தடியும் பிடிக்காமல் வெட்டிய பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே ஆழத்தில் வந்தது. வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத நம் குடாநாட்டில், சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கிய மழைநீர்தான் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. உரும்பிராயில் தண்ணீர் காணாமல் வெட்டுவதற்குத்தான் தனித் திறமை வேண்டும்! எத்தனை அடியோடு நிறுத்துவது என்பதே இங்கே கேள்வி. நன்னீர் மட்டம் ஓர் அடி இறங்கினால், கீழிருக்கும் உவர் ஏறத்தாழ நாற்பது அடி மேலேறும் என்பது நீரியலாளரின் கணக்கு. நம் குடாநாட்டின் ஆழமான நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு. இதையெல்லாம் தடி சொல்லாது. அயல்வீட்டு மலக்குழி எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்றும் சொல்லாது.

கரையோரத்தில் இருக்கும் என் தங்கையின் வீட்டிலும் தடி நன்றாகத்தான் வளைந்தது. குழாய்க்கிணற்றை அறுபது அடிக்கு இறக்கினார்கள். இரண்டாம் கோடையில் தேநீர் கரித்தது. இப்போது குடிதண்ணீருக்குப் பவுசர் வண்டி வருகிறது.

எங்கள் வளவுக்கு வந்த பெரியவரைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. கவரை முறிக்கும் முன் வேலியோரப் புற்றைச் சுற்றிப் பார்த்தார். புற்றையும் மரத்தையும் வைத்து நீர் பார்க்கும் முறையை வானியலாளர் வராகமிகிரர் ஆறாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார். பிறகு அயலில் இருந்த மூன்று கிணறுகளிலும் ஒவ்வொரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தார். தங்கை வீட்டுக்கு வந்தவர் சோடா கேட்டு வாங்கிக் குடித்தாராம்.

இப்படிக்கு,
உரும்பிராய் வாசகன்