யோசித்து யோசித்துப் போகும் வண்டி: சர்வீஸ் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சர்வீஸ் மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். என் வண்டியின் நான்கு ஜாப் கார்டுகளும் உங்கள் கணினியிலேயே இருக்கின்றன. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் என் டீசல் வண்டி சில நொடி இழுக்காமல் ஓடுகிறது என்பதுதான் புகார். அதனால் கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. முதல் தடவை ஏர் ஃபில்டர், அடுத்து டீசல் ஃபில்டர், மூன்றாவது சாஃப்ட்வேர் அப்டேட். நான்காம் தடவை எதையும் மாற்றவில்லை. "ஸ்கேனர்ல ஃபால்ட் கோடு எதுவும் வரலை சார், டீசல் வண்டின்னா டர்போ லேக் இருக்கத்தான் செய்யும்" என்று, அதாவது எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போ வேகம் பிடிக்கக் கொஞ்சம் நேரமாகும் என்று சொல்லி, வண்டியைக் கழுவித் துடைத்துக் கொடுத்தார்கள். நன்றாகவே கழுவியிருந்தார்கள், அதற்கு நன்றி.

அதற்கு மறுவாரம் நடந்தது உங்களுக்குத் தெரியாது. கண்புரை அறுவை முடிந்த அம்மாவை மதுரையில் செக்கப்புக்குக் காட்டிவிட்டு மண்டபம் திரும்பிக்கொண்டிருந்தோம். பரமக்குடி வரை நான்கு வழிச் சாலை, வண்டி பாட்டுக்கு வந்தது. அப்புறம் இரு வழி. சத்திரக்குடிப் பக்கம் முன்னால் ஒரு வைக்கோல் லாரி. எதிரே சாலை வெறிச்சென்று கிடந்தது. மூன்றாம் கியருக்கு இறக்கி, வலது பக்கம் ஏறி, ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று நிதானமாக எண்ணலாம், அவ்வளவு நேரம் வண்டி இழுக்கவே இல்லை. லாரியின் பாதி நீளத்தில் ஒட்டிக்கொண்டு ஓடுகிறேன், எதிரே ஒரு பஸ் லைட்டை அடித்து அடித்து வருகிறது. இனி பின்வாங்கலாம் என்று காலை எடுக்கப் போகும்போது வண்டி திடீரென்று பாய்ந்தது. லாரிக்காரர் பிரேக் அடித்து இடம் விட்டதால்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

கறுப்புக் கண்ணாடியோடு பின் சீட்டில் இருந்த அம்மா ராமநாதபுரம் வரை வாயே திறக்கவில்லை. பட்டணம்காத்தான் தாண்டியதும் சொன்னார்: "இந்த வண்டி யோசிச்சு யோசிச்சுல்லப்பா போகுது. அடுத்த தடவை நான் பஸ்லயே போய்க்கிறேன்." சொன்னபடியே செய்தார். 72 வயது. வாசலில் ஏழு பேர் உட்காரும் வண்டி நிற்க, அம்மாவுக்கு மட்டும் எப்படியோ ஒரு சீட் பிடித்துக் கொடுத்துவிட்டு நான் பாதி வழி நின்றுகொண்டே மதுரை போனேன்.

இதற்குப் பெயர் டர்போ லேக் இல்லை, ஐயா. அது கீழ் சுற்றில், ஒரு நொடி இருக்கும், போய்விடும். எனக்கு வருவது 2,000 ஆர்பிஎம்மில், எஞ்சின் முழு இழுவை தர வேண்டிய இடத்தில். ஆர்பிஎம் முள்ளும் ஏறுவதில்லை, அதனால் கிளட்ச் நழுவுகிறது என்றும் சொல்ல முடியாது. காலையில் எடுத்தவுடன் வருவதில்லை, அரைமணி நேரம் ஓடிச் சூடானபின்தான் வருகிறது. இதை நான்கு தடவையும் சொன்னேன். ஜாப் கார்டில் ஒவ்வொரு தடவையும் 'பிக்கப் குறைவு' என்ற இரண்டே சொல் ஏறியது.

இங்கே விசைப்படகு எஞ்சின் பார்க்கும் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் கீழ் கிளாம்பைச் சுற்றி எண்ணெய் நனைந்திருப்பதைக் காட்டினார். சூட்டில் ஹோஸ் இளகி, மிதிக்கும்போது காற்று அங்கே கசிந்தால் டர்போ தரும் அழுத்தம் எஞ்சினுக்குப் போய்ச் சேராது, நின்ற இடத்தில் ஐடிலில் வைத்துப் பார்த்தால் ஹோஸில் அழுத்தமே இருக்காது, பிறகு எப்படித் தெரியும் என்றார். "நான் கை வைக்கலை, வாரண்டி போயிரும். அவங்ககிட்டயே காட்டுங்க." காட்டினேன். லேசான எண்ணெய்ப் பூச்சு சகஜம் என்றார் உங்கள் அட்வைசர். இருக்கலாம். ஹோஸ் இல்லையென்றால் டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டர் ஒட்டிக்கொள்ளலாம், புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பும் இ.ஜி.ஆர். வால்வில் கரி அடைத்திருக்கலாம், பெடல் சென்சாரின் கனெக்டரில் உப்புப் பூத்திருக்கலாம். எது என்று ஊகிக்க நான் யார்? அதனால்தான் கேட்கிறேன்: ஸ்கேனரோடு ஒருவர் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சாலையில் வர வேண்டும். நான் எவ்வளவு மிதித்தேன், எஞ்சின் எவ்வளவு அழுத்தம் கேட்டது, எவ்வளவு கிடைத்தது என்பதை ஓடும்போதே பதிவு செய்ய வேண்டும். ஃபால்ட் கோடு வரவில்லை என்றால் கோளாறு இல்லை என்று அர்த்தமில்லை, கேட்டதற்கும் கிடைத்ததற்கும் வித்தியாசம் சில நொடிதான் இருந்தால் கோடு பதியாமலே போகலாம்.

உப்பு என்றதும் நினைவு வருகிறது. உங்கள் விளம்பரத்தில் இதே வண்டி கடற்கரையில் அலையைக் கிழித்துக்கொண்டு போகிறது. வாரண்டி புத்தகத்தில் கடல் காற்றால் வரும் துருவுக்குப் பொறுப்பில்லை என்று பொடி எழுத்தில் இருக்கிறது. பாம்பனில் 2025-ல் திறந்த புதிய ரயில் பாலத்துக்கு உப்புக் காற்றைத் தாங்க பாலிசிலாக்சேன் பூச்சு பூசினார்கள். உங்கள் சர்வீஸ் பட்டியலில் 'கனெக்டர் பார்க்கவும்' என்று ஒரு வரி கிடையாது. தண்ணியில்லாக் காடு என்று எங்கள் மாவட்டத்துக்குப் பேர் வைத்து, பிடிக்காத ஆட்களை மாற்றி அனுப்புவார்கள். விற்பனைக்கு மட்டும் எங்கள் ஊர் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது. அப்பளம் போலக் கனெக்டர் பொரிந்துபோனால், கடலைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்ளச் சொல்வீர்கள் போல.

சரி, அதை விடுங்கள். கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். புது வண்டியோ நஷ்ட ஈடோ நான் கேட்கவில்லை. ஸ்கேனரோடு ஒருவர், ஒரு மணி நேரம், சூடான எஞ்சின், இரு வழிச் சாலை. பார்த்ததை ஜாப் கார்டில் எழுதிக் கொடுங்கள். அவ்வளவுதான். டீசல் நான் போட்டுக்கொள்கிறேன், வருபவருக்கு டீயும் வடையும் என் செலவு.

ஞாயிறு தவிர எந்த நாளும் எனக்குச் சம்மதம். அம்மாவுக்கு அடுத்த செக்கப் 20-ஆம் தேதி. அதற்கு முன்னால் என்றால் நல்லது.

இப்படிக்கு,
மண்டபத்திலிருந்து உங்கள் வாடிக்கையாளர்